பழைய டர்பைன் இன்னும் எத்தனை காலம் ஓடும்? எஞ்சிய ஆயுள் மதிப்பீடு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனல் மின் நிலையத்தில் கால் நூற்றாண்டு ஓடிய நீராவி டர்பைனை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் சில கேள்விகள் தவறாமல் வரும். பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்களும், 'புது ரோட்டார் (டர்பைனின் சுழலும் தண்டு) வாங்கியே ஆகவேண்டுமா?' என்று கேட்கும் நிதிப் பிரிவினரும் படிக்கும்படி எழுதியிருக்கிறேன். கணக்கு வர வேண்டிய இடத்தில் கணக்கு வரும்.

டர்பைனின் ஆயுள் 25 ஆண்டு என்கிறார்களே, 26ஆம் ஆண்டு என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. 25 ஆண்டு என்பது வடிவமைத்தவர் கணக்குக்காக வைத்துக்கொண்ட காலம். உயர் வெப்பத்தில் இயங்கும் பாகங்களை முன்பு ஒரு லட்சம் மணி நேரத்துக்கும், பின்னாளில் இரண்டு லட்சம் மணி நேரத்துக்கும் வடிவமைத்தார்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அலகு (ஒரு டர்பைன்-ஜெனரேட்டர் தொகுதி) அதில் 80 சதவீதம் ஓடினால் சுமார் 7,000 மணி நேரம். 25 ஆண்டில் 1,75,000. வடிவமைப்பாளர் உலோகத்தின் வலிமையைக் குறைத்தே மதிப்பிட்டிருப்பார், அதன்மேல் பாதுகாப்புக் காரணி ஒன்றையும் போட்டிருப்பார். அதனால் பல இயந்திரங்கள் கணக்கைத் தாண்டியும் ஓடுகின்றன. நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் 1962இல் உற்பத்தியைத் தொடங்கி 2020 வரை இருந்தது. தூத்துக்குடியின் முதல் 210 மெகாவாட் அலகு 1979இல் வந்தது. நாற்பது ஆண்டைக் கடந்தும் ஓடியது.

இதன் மறுபக்கமும் உண்டு. 15 ஆண்டிலேயே விரிசல் கண்ட கேசிங்குகளும் (ரோட்டாரைச் சூழ்ந்த வெளிக்கூடு) இருக்கின்றன. நாள்காட்டியைப் பார்த்து உலோகம் வயதாவதில்லை.

எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில்தான் பழுதாகுமா?

இல்லை. முதலில் இதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உயர் அழுத்த, இடை அழுத்த ரோட்டார்கள், உள் கேசிங், ஸ்டாப் வால்வு, கன்ட்ரோல் வால்வு ஆகியவை 535 முதல் 540 டிகிரி செல்சியஸ் நீராவியில் இருப்பவை. இவற்றுக்கு எதிரி வெப்பம். குறை அழுத்தப் பகுதியில் நீராவி ஈரமாகி, வெப்பம் நூறு டிகிரிக்கும் கீழே போய்விடுகிறது. அங்கே வேலையைக் காட்டுவது அரிப்பும், நீர்த்துளிகளின் அடியும், நீளமான பிளேடுகளின் அதிர்வும். ஜெனரேட்டர் பக்கம் தனிக் கதை, அதை இங்கே தொடவில்லை. ஒரே இயந்திரத்துக்கு 'எஞ்சிய ஆயுள் 12 ஆண்டு' என்று ஒற்றை எண்ணைக் கொடுக்கும் அறிக்கையைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். எந்தப் பாகத்துக்கு என்று முதலில் கேளுங்கள்.

கிரீப் என்றால் என்ன? பத்து டிகிரி கூடினால் அவ்வளவு பெரிய வித்தியாசமா?

தகைவு (உலோகத்தின் ஒரு பரப்பளவில் விழும் விசை) தாங்கும் வரம்புக்குள் இருந்தாலும், உலோகம் அதிக வெப்பத்தில் வருடக்கணக்கில் மிக மெதுவாக நீண்டுகொண்டே போகும். அதுதான் கிரீப். குரோமியம், மாலிப்டினம், வனேடியம் கலந்த ரோட்டார் எஃகில் 480 டிகிரிக்கு மேல் இதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும். உள்ளே படிக எல்லைகளில் நுண்துளைகள் தோன்றி, வரிசையாகி, ஒன்றோடொன்று சேர்ந்து விரிசலாகின்றன.

பத்து டிகிரிக்கு விடை காண 1952இல் லார்சன், மில்லர் இருவரும் வெளியிட்ட சூத்திரம் போதும். கெல்வினில் வெப்பநிலையை எடுத்து, 20உடன் ஆயுள் மணி நேரத்தின் மடக்கையைக் கூட்டிப் பெருக்கினால் வரும் எண், ஒரே தகைவில் மாறாது என்பதே அதன் சாரம். 540 டிகிரி என்பது 813 கெல்வின். அந்த வெப்பத்தில் ஒரு பாகம் ஒரு லட்சம் மணி நேரம் தாங்கும் என்று கொள்வோம். ஒரு லட்சத்தின் மடக்கை 5. ஆக 813ஐ 25ஆல் பெருக்க, 20,325. இப்போது அதே பாகத்தை 550 டிகிரியில், அதாவது 823 கெல்வினில் ஓட்டுங்கள். 20,325ஐ 823ஆல் வகுத்து 20ஐக் கழித்தால் 4.70. அது சுமார் 50,000 மணி நேரம். பாதி ஆயுள் போயிற்று. மாறாக 530இல் ஓட்டியிருந்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டும்.

இதன் விளைவைச் சற்று யோசியுங்கள். வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிளுக்கென்று ஒரு பிழை வரம்பு உண்டு. சாதாரண வகை கே தெர்மோகப்பிளில் 540 டிகிரியில் நான்கு டிகிரி வரை பிழை அனுமதிக்கப்பட்டதுதான். உண்மை வெப்பம் நான்கு டிகிரி கூடுதலாக இருந்தால் ஒரு லட்சம் 75,000 ஆகிவிடும். அதாவது கருவியின் நியாயமான பிழையே ஆயுளில் கால் பங்கை விழுங்கிவிடும். உலோகத்தின் வலிமைத் தரவிலோ சராசரியிலிருந்து 20 சதவீதம் மேலும் கீழும் சிதறல் இருப்பது வழக்கம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் யாரும் '11.4 ஆண்டு' என்று தசமப் புள்ளி வைத்து எழுதத் துணிய மாட்டார்.

வெப்பநிலை மாறிக்கொண்டே இருந்தால் எப்படிக் கணக்கிடுவது?

ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஓடிய மணி நேரத்தை, அந்த வெப்பநிலையில் அனுமதிக்கப்பட்ட மொத்த மணி நேரத்தால் வகுத்து, கிடைக்கும் பின்னங்களைக் கூட்டுவார்கள். ராபின்சன் 1938இல் சொன்ன முறை இது. கூட்டுத்தொகை ஒன்றை எட்டினால் ஆயுள் முடிந்தது. முறை எளிது; உள்ளே போடும் எண்கள்தான் பிரச்சினை. பழைய லாக் ஷீட்டுகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: ஒரு ஷிஃப்ட் முழுக்க எட்டு வரியிலும் 537 என்றே இருக்கும், ஒரே பேனா, ஒரே சாய்வு. அலகு நிஜமாகவே அவ்வளவு சீராக ஓடியதா, உணவு இடைவேளைக்குப் பிறகு ஒரே மூச்சில் நிரப்பினார்களா என்பதை இப்போது யார் சொல்வது? வரைபடப் பதிவுத் தாள்கள் கிடைத்தால் அவற்றை முதலில் நம்புங்கள். கணினிக் கட்டுப்பாட்டு முறை வந்தபின் சேர்ந்த தரவு நம்பகமானது, ஆனால் மென்பொருள் மாற்றும்போது பழைய கோப்புகளை அழித்துவிட்ட நிலையங்கள் குறைவில்லை.

நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் ஏன் ஆயுள் குறைகிறது?

குளிர்ந்த ரோட்டாரின் மேல் சூடான நீராவி படும்போது மேற்பரப்பு விரியப் பார்க்கும், உள்ளே இருக்கும் குளிர்ந்த எஃகு விடாது. மேற்பரப்பு நசுங்கும், மையம் இழுபடும். நிறுத்தும்போது நேர்மாறு. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிரந்தரச் சேதம் மிஞ்சும். உலோகச் சோர்வு என்பது இதுதான். ரோட்டாரின் பள்ளங்களிலும் கேசிங்கின் வளைவுகளிலும் முதலில் விரிசல் காட்டும். பல தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு துவக்கத்தையும் 20, 25 மணி நேர ஓட்டத்துக்குச் சமமாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். குளிர் துவக்கம் சூடான துவக்கத்தைவிடப் பல மடங்கு மோசமானது.

இந்தக் கேள்வி இப்போது கூடுதலாக எழுவதற்குக் காரணம் சூரிய மின்சாரம். பகலில் அது வந்து குவிகிறது, மாலையில் காணாமல் போகிறது. இந்த இடைவெளியை நிரப்ப நிலக்கரி அலகுகளை இறக்கி ஏற்றுகிறார்கள். 2023இல் மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட விதிமுறைகளின்படி அலகுகள் 55 சதவீதச் சுமை வரையும், அதன்பின் படிப்படியாக 40 சதவீதம் வரையும் இறங்கி ஓடத் தயாராக வேண்டும். ஒரு சமாதானம்: அழுத்தத்தையும் சேர்த்துக் குறைத்துச் சுமையை இறக்கினால் நீராவி வெப்பம் பெரிதாக மாறாது, சேதமும் மிதமானதுதான். தினமும் நிறுத்தித் தினமும் துவக்குவது வேறு விஷயம். அடிப்படைச் சுமைக்கென்று (இரவு பகலாகச் சீராக ஓட) வடிவமைத்த 210 மெகாவாட் இயந்திரத்துக்குப் பழைய ஓட்ட வரலாற்றை வைத்து 15 ஆண்டு என்று போட்ட கணக்கு, ஓட்டும் முறை மாறிய அன்றே செல்லாதது.

ரோட்டாரின் நடுவில் துளை இருக்கிறதே, அதை ஏன் இவ்வளவு அக்கறையாகச் சோதிக்கிறார்கள்?

பழைய எஃகு வார்ப்புகளில் அசுத்தங்கள் கடைசியாக உறையும் மையப் பகுதியில் சேர்ந்துவிடும். அதைக் குடைந்து எடுத்துவிட்டுத்தான் ரோட்டார் செய்தார்கள். குடைந்தும் போகாத மிச்சம் துளையின் சுவரை ஒட்டியே இருக்கும். சுழற்சியால் வரும் இழுவிசை அதிகபட்சமாக இருப்பதும் அதே இடத்தில்தான்.

அமெரிக்காவில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் கேலட்டின் நிலையத்தில் 1974 ஜூன் 19 அன்று நடந்தது இதற்குப் பாடப்புத்தக உதாரணம். இரண்டாம் அலகு, 225 மெகாவாட். அதுவரை சுமார் 1,06,000 மணி நேரம் ஓடியிருந்தது. 105 குளிர் துவக்கங்கள், 183 சூடான துவக்கங்கள். அன்று குளிர் துவக்கத்தில் நிமிடத்துக்கு 3,600 சுற்றுகளை நோக்கி வேகம் ஏறிக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ 3,400இல் இடை அழுத்த ரோட்டார் வெடித்துச் சிதறியது. துளையை ஒட்டி மாங்கனீஸ் சல்பைடு அசுத்தங்கள் கொத்தாக இருந்தன. வருடக்கணக்கான கிரீப்பும் சோர்வும் அவற்றை இணைத்து ஒரு விரிசலாக்கியிருந்தன.

முழு வேகத்தில், முழுச் சுமையில் உடையாமல் துவக்கத்தில் ஏன் உடைந்தது? துவக்கத்தில் சுழற்சியின் இழுவிசையோடு வெப்ப வேறுபாட்டின் இழுவிசையும் மையத்தில் சேர்கிறது. அதே நேரம் மையம் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. இவ்வகை எஃகு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே நொறுங்கும் தன்மை கொண்டது. சில பழைய ரோட்டார்களில் அந்த எல்லை நூறு டிகிரிக்கும் மேலே. துவக்கக் கையேட்டில் ரோட்டாரைக் குறைந்த வேகத்தில் வைத்துச் சூடேற்றும் நேரம் போட்டிருப்பது இதற்காகத்தான். மின் தேவை அவசரம் என்று கட்டுப்பாட்டு மையத்திலிருந்து தொலைபேசி வரும்போது முதலில் வெட்டு விழுவதும் இந்த நேரத்துக்குத்தான்.

துளைக்குள் அல்ட்ராசோனிக் கருவியை நீளமான தண்டில் செலுத்தி, சுவரிலிருந்து உள்ளே எவ்வளவு ஆழத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். அதற்கு முன் துளையைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். துருவின் மேல் எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. புதிய ரோட்டார்களின் எஃகு தூய்மையானது, பலவற்றில் துளையே கிடையாது.

ரெப்ளிகா சோதனை எப்படிச் செய்கிறார்கள்?

பாகத்தை வெட்டாமல் அதன் உள்ளமைப்பைப் பிரதி எடுக்கும் முறை. கேசிங்கின் நீராவி நுழையும் பகுதி, உள் வளைவுகள், பற்றவைப்பின் ஓரம் என்று இடங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆக்சைடு படலத்தையும் அதன் கீழே கார்பன் இழந்த மெல்லிய அடுக்கையும் கிரைண்டரால் நீக்கி, எமரி தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, கடைசியில் வைரப் பசையால் கண்ணாடிபோல் மெருகேற்றுவார்கள். ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலத்தைத் தடவுவார்கள். மறுபடி மெருகு, மறுபடி அமிலம். பிறகு செல்லுலோஸ் அசிடேட் படலம் ஒன்றை அசிட்டோனில் மென்மையாக்கி அந்த இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவார்கள். காய்ந்ததும் உரித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினால், நுண்ணோக்கியில் படிக எல்லைகள் அப்படியே தெரியும்.

நுண்துளையே இல்லை, தனித்தனித் துளைகள், வரிசையான துளைகள், நுண்விரிசல், பெருவிரிசல் என்ற படிநிலையில் சேதத்தை வகைப்படுத்துவார்கள். ஜெர்மனியில் நொய்பாவர், வெடல் இருவரும் 1983இல் தந்த வகைப்பாடு இது. தனித்தனித் துளைகள் என்றால் அடுத்த சோதனை வரை ஓடலாம். நுண்விரிசல் என்றால் பழுது நீக்கும் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். அமிலம் அதிகமானால் கார்பைடு துகள்கள் கழன்று விழுந்து, அந்தக் குழிகள் நுண்துளைபோலவே தெரியும்; அனுபவமில்லாதவர் நல்ல கேசிங்கைச் சாகடித்துவிடுவார். இரண்டாவது, ரோட்டார் எஃகில் நுண்துளைகள் மிகவும் தாமதமாகத்தான் தலைகாட்டும். ரெப்ளிகா சுத்தமாக இருக்கிறதென்று ரோட்டாருக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. அங்கே கடினத்தன்மையைப் பார்ப்பதே மேல். சூடான முதல் கட்டத்தின் கடினத்தன்மையை, அதே ரோட்டாரின் குளிர்ந்த முனையோடு ஒப்பிடுவார்கள். ஒரே வார்ப்பிலிருந்து வந்தது என்பதால் குளிர்ந்த முனை, புதிதாக இருந்தபோது எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி. எவ்வளவு மென்மையாகியிருக்கிறதோ அவ்வளவு வெப்பம் தின்றிருக்கிறது.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் மேற்பரப்பிலிருந்து சிறு துண்டைச் சுரண்டியெடுத்து, 8 மில்லிமீட்டர் விட்டமும் அரை மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட வில்லையாக்கிக் குத்திச் சோதிக்கலாம்.

குறை அழுத்தப் பகுதியில் எதைப் பார்க்க வேண்டும்?

டிஸ்க்குகளின் (பிளேடுகளைத் தாங்கும் வட்டுகள்) சாவிப் பள்ளம் (வட்டைத் தண்டோடு பூட்டும் சாவி உட்காரும் இடம்), பிளேடு வேர்கள், கடைசிக் கட்டப் பிளேடுகள். இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயிண்ட் ஏ நிலையத்தில் 1969 செப்டம்பரில் மிகைவேகச் சோதனையின்போது (இயல்பு வேகத்தைத் தாண்டி ஓட்டிப் பார்ப்பது) ஒரு டிஸ்க் வெடித்தது. வேகம் 3,000இலிருந்து 3,200ஐ எட்டியிருந்தது, அவ்வளவுதான். சாவிப் பள்ளத்தில் தகைவு அரிப்பால் (இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து) வந்த விரிசலின் ஆழம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. எஃகு நொறுங்கும் நிலையில் இருந்ததால் அதுவே போதுமானதாயிற்று. இழுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். பத்து சதவீதம் கூடுதல் வேகம் என்றால் 21 சதவீதம் கூடுதல் விசை. பழைய இயந்திரத்தில் மிகைவேகச் சோதனையைச் சடங்காகச் செய்யாதீர்கள், ரோட்டாரைச் சூடேற்றிய பிறகே செய்யுங்கள்.

நம் நாட்டுக்கு வந்தால் உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையம். 1993 மார்ச் 31 அன்று அங்கே முதல் அலகின் கடைசிக் கட்டப் பிளேடுகள் இரண்டு சோர்வினால் முறிந்தன. சமநிலை குலைந்து ஏற்பட்ட அதிர்வில் எண்ணெயும் ஹைட்ரஜனும் கசிந்து தீப்பிடித்து, மின்கம்பிகள் எரிந்து, அணுமின் நிலையம் 17 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தது. அணு உலையைப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டார்கள், என்றாலும் அத்தனைக்கும் தொடக்கம் இரண்டு பிளேடுகள்.

பிளேடுகளின் இயல் அதிர்வெண், சுழலும் வேகத்தின் மடங்குகளோடு மோதாமல் வடிவமைப்பது வழக்கம். ஆனால் மின் கட்டமைப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலேயே நிற்க வேண்டுமே! 1990களில் தென்னக மின் கட்டமைப்பு 48.5 ஹெர்ட்ஸுக்கும் கீழே அடிக்கடி இறங்கியது. 2003இல் அதிர்வெண்ணோடு இணைந்த கட்டண முறையும், 2013 டிசம்பர் 31 அன்று நாட்டுக் கட்டமைப்போடு இணைப்பும் வந்தபின்தான் நிலைமை சீரானது. அந்தக் காலத்தில் ஓடிய பிளேடுகள் இன்னும் இயந்திரத்தில் இருந்தால் அவற்றின் வேர்களைக் காந்தத் துகள் சோதனையில் கூர்ந்து பாருங்கள்.

கடல்நீரால் குளிர்விக்கும் தூத்துக்குடி, வடசென்னை போன்ற நிலையங்களில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சரின் குழாய் ஒன்று கசிந்தாலும் குளோரைடு நீராவிச் சுற்றுக்குள் நுழைந்துவிடும். பிளேடில் சிறு குழி, குழியிலிருந்து விரிசல். வேதியியல் ஆய்வகத்தின் பழைய பதிவேடுகளும் டர்பைனின் மருத்துவக் கோப்பில் சேர வேண்டியவை.

கேசிங் போல்ட்டுகளையும் மதிப்பிட வேண்டுமா?

கட்டாயம். மலிவான பாகம் என்பதால் மறந்துவிடுகிறார்கள். சூட்டில் இறுக்கம் மெல்லத் தளரும், ஒவ்வொரு ஓவர்ஹாலிலும் மறுபடி இறுக்குவார்கள், ஒவ்வொரு இறுக்கலும் நிரந்தர நீட்சியைக் கூட்டும். நீளத்தையும் கடினத்தன்மையையும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண் போட்டுப் பதிவுசெய்யுங்கள். ரஷ்யாவின் சயனோ-ஷுஷென்ஸ்கயா நீர்மின் நிலையத்தில் 2009 ஆகஸ்ட் 17 அன்று 75 பேர் இறந்த விபத்தில், டர்பைன் மூடியின் போல்ட்டுகளில் ஆய்வுக்குக் கிடைத்தவை 49. சோர்வு விரிசல் இருந்தவை 41. அது நீராவி டர்பைன் இல்லைதான், போல்ட் போல்ட்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

கொதிகலனுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் இந்தியக் கொதிகலன் விதிமுறைகளின்படி, கிரீப் வெப்பத்தில் ஒரு லட்சம் மணி நேரம் கடந்தபின் எஞ்சிய ஆயுள் ஆய்வு தேவை. அதே நீராவியை வாங்கிக்கொள்ளும் டர்பைன் அந்த விதிமுறைகளுக்குள் வருவதில்லை. தயாரிப்பாளரின் அறிவுரை, காப்பீட்டு நிறுவனத்தின் நிபந்தனை, நிலையத்தாரின் மனசாட்சி என்று போகிறது. இது சரியான ஏற்பாடாக எனக்குப் படவில்லை.

அறிக்கையில் 'எஞ்சிய ஆயுள் 10 ஆண்டு' என்றிருந்தால் பத்து ஆண்டு திறக்காமல் ஓட்டலாமா?

கூடாது. அந்தப் பத்துக்குப் பின்னால் நிபந்தனைகள் இருக்கின்றன: இன்ன வெப்பத்துக்கு மேல் போகக்கூடாது, ஆண்டுக்கு இத்தனை துவக்கங்களுக்கு மேல் கூடாது, இன்ன ஆண்டில் இன்ன இடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். சுருக்க அறிக்கை மேலே போகும்போது எண் மட்டும் போகிறது, நிபந்தனைகள் இணைப்பில் தங்கிவிடுகின்றன. பழக்கத்தில் உள்ள வழி, கணக்கில் வந்த ஆயுளில் பாதிக்கு மிகாமல் அடுத்த சோதனையை வைப்பது. விரிசல் இருந்தால் அது வளரும் வேகத்தைக் கணக்கிட்டு, ஆபத்தான அளவை எட்டுவதற்கு வெகு முன்னதாகவே வைக்க வேண்டும்.

விரிசல் கண்டால் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேசிங்கில் மேலோட்டமான விரிசல் என்றால் தேய்த்து எடுத்துவிட்டு, மிச்சத் தடிமன் போதுமா என்று கணக்குப் பார்த்து ஓட்டலாம். தேய்த்த இடத்தில் கூர்மையான விளிம்பு விடக்கூடாது. ஆழமானால் பற்றவைத்துச் சூடேற்றிப் பதப்படுத்தலாம். அவசரமாகச் செய்த பற்றவைப்பு மூலவிரிசலைவிட மோசமாக முடிவதுண்டு. ரோட்டார் பள்ளத்தில் வந்த விரிசலையும் கடைந்து நீக்க முடியும். துளையை ஒட்டி விரிசல் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று இரண்டு சோதனைகள் அடுத்தடுத்துக் காட்டினால் மாற்றுவது ஒன்றே வழி. புது ரோட்டார் அடித்து உருவாக்கிக் கடைந்து வந்துசேர ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம் என்பதால், ஆர்டர் போடும் முடிவை விரிசல் ஆபத்தான அளவை எட்டும்வரை தள்ளிப்போட முடியாது.

ஆய்வுக்கு ஒப்பந்தம் போடும் முன் என்ன தயாராக வைத்திருக்க வேண்டும்?

மணி நேரக் கணக்கும், குளிர், மிதமான, சூடான துவக்கங்களைத் தனித்தனியே காட்டும் பட்டியலும். நீராவி வெப்பப் பதிவுகள், குறிப்பாக வரம்பை மீறிய நாட்கள். அதிர்வுப் பதிவுகள். முந்தைய ஓவர்ஹால் அறிக்கைகள், அவற்றில் எந்த பிளேடு எப்போது மாற்றப்பட்டது என்ற விவரம். ரோட்டார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது உடன்வந்த வேதியியல், இயந்திரவியல் சான்றிதழ். அது தொலைந்திருந்தால் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள், வார்ப்பு எண் இருந்தால் பெரும்பாலும் கிடைக்கும். வார்ப்பு எண் வழக்கமாக ரோட்டாரின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.